மலைத்தோட்டத்து மாளிகையும் லயமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை, ஊவா மாகாணத்தின் விளிம்பிலுள்ள பெரகல என்னும் சிறு சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவை நோக்கி மேலேறுகிறது. மற்றொன்று கொஸ்லந்தையைக் கடந்து, தியலும நீர்வீழ்ச்சியின் அடிவாரத்தைத் தொட்டு, வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. சந்தியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு மலைமுகடுவரை தேயிலை. குனிந்து பார்ப்பவனுக்கு மூடுபனிக்குக் கீழே வெயிலில் காயும் தென்சமவெளி. இந்தச் சரிவில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக மூவகைக் கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்தவண்ணம் நிற்கின்றன. குன்றின்மேல் துரையின் பங்களா. நடுவே தேயிலை ஆலை. சரிவின் மடிப்பில் தொழிலாளர் லயம். இவற்றை ஒருசேர நோக்கினாலன்றித் தோட்டத்தின் வரலாறு விளங்காது.

பிரான்சு நாட்டின் போர்தோப் பகுதியில் திராட்சை மது செய்யும் பண்ணைகளைச் 'சாத்தோ' என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் கோட்டை அல்லது மாளிகை. ஆயினும் அங்கே அது மாளிகையை மட்டும் குறிப்பதன்று. கொடித்தோட்டம், மதுவறை, பண்ணைவீடு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு முழுமையையே குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயி கோம்ப் என்னும் சிற்பி அமைத்த சாத்தோ மார்கோவில், கிரேக்கக் கோயில்போல் தூண்கள் தாங்கும் முகப்புடைய வீடும், நீண்ட மதுவறைகளும், கைவினைஞர் தொழில் செய்யும் முற்றமும் ஒரே அமைப்பாகத் திட்டமிடப்பட்டன. குப்பியின்மீது ஒட்டப்படும் தாளில் மாளிகையின் படம் இருக்கும். குடிப்பவன் அந்த வீட்டை நினைத்துக் குடிப்பான். தேயிலைப் பெட்டியின்மீதும் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டதுண்டு. ஆனால் எந்தப் பெட்டியிலும் பங்களாவின் படத்தையோ லயத்தின் படத்தையோ எவரும் பொறித்ததாகத் தெரியவில்லை. அச்சிட விரும்பியதெல்லாம் கூடை சுமந்த பெண்ணின் படமே.

இவ்விரு பயிர்களின் வரலாறும் ஓரிடத்தில் வியப்பூட்டும் வகையில் ஒன்றையொன்று தொடுகிறது. 1860களில் தென்பிரான்சின் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. 1868இல் மொம்பெலியே நகரத் தாவரநூல் அறிஞர் பிளான்சோன், வேரை உறிஞ்சும் ஒரு நுண்ணிய பேனே அதற்குக் காரணம் என்று கண்டார். அதற்கு அடுத்த ஆண்டில், 1869இல், பதுளை மாவட்டத்து மடுல்சீமைத் தோட்டங்களில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்தது. 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிடப்பட்ட அப்பூஞ்சை நோய், காற்றிலேறி மலைக்கு மலை தாவியது. பிரெஞ்சுக்காரர் அமெரிக்கத் திராட்சையின் வேரில் தம் கொடியை ஒட்டுப்போட்டு, பழைய மதுவையும் பழைய பெயரையும் காப்பாற்றிக்கொண்டனர். இலங்கைத் தோட்டக்காரருக்கு அத்தகைய மருந்து கிடைக்கவில்லை. 1878 அளவில் 2,75,000 ஏக்கர் நிலத்தில் பரந்திருந்த கோப்பி, அடுத்த பதினைந்தாண்டுகளில் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. கடன்பட்ட தோட்டங்கள் ஏலத்திற்கு வந்தன. கோப்பி மரங்கள் பிடுங்கி எறியப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மலையிலுள்ள லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டுப் பார்த்த தேயிலை, அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது.

பயிர் மாறியதால் கட்டடமும் மாறியது. இதை மேற்போக்காகப் பார்ப்பவர் கவனிப்பதில்லை. கோப்பிப் பழம் ஆண்டுக்கொரு பருவத்தில் பழுப்பது. அப்பருவத்திற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வருவர். கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்து, பழம் பறித்து, கூலி பெற்றுக்கொண்டு பலர் ஊர் திரும்புவர். வழியிலேயே காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர் தொகை பெரிது. சில மாதம் தங்குவோருக்குத் தோட்டக்காரர் கட்டிக் கொடுத்தவை நீண்ட கொட்டகைகள். வரிசையாக அறைகள், மேலே ஒரே கூரை. தேயிலையோ அவ்வாறன்று. கொழுந்து ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை, ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் நிலையாகத் தங்க வேண்டியதாயிற்று. ஆட்கள் நிலைத்தனர், ஆனால் கொட்டகையின் அமைப்பு மட்டும் தற்காலிகமாகவே நின்றுவிட்டது. பருவகாலத் தொழிலாளிக்கென வகுத்த வடிவமே, பேரன் பேத்தி எடுத்த குடும்பத்துக்கும் வீடாயிற்று. தோட்டக் கட்டடக்கலையின் மையமான பிழை இதுவே.

நிலம் எங்கிருந்து கிடைத்தது என்பதும் சொல்லத்தக்கது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசின் சொத்தாகக் கருதியது. கண்டி, ஊவா மலைநாட்டுக் கிராமத்தாரிடம் பெரும்பாலும் பத்திரம் இருக்கவில்லை. வழக்கம் மட்டுமே இருந்தது. அங்ஙனம் அரசிடம் சேர்ந்த காடு ஏக்கருக்குச் சொற்ப விலையில் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று. சிங்களக் கிராமத்தான் காட்டை இழந்தான். தமிழ்த் தொழிலாளி அதில் உழைத்தும் ஓர் அடி நிலம் பெறவில்லை. பிற்காலத்தில் இவ்விருவரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கியதற்கு வித்து அங்கேயே இடப்பட்டது.

ஹப்புத்தளைக்கு அப்பாலுள்ள தம்பேதன்னைத் தோட்டம் இந்த வரலாற்றில் தனியிடம் பெறுவது. கிளாஸ்கோ நகரில் மளிகைக்கடை நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டிய தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து, கோப்பி வீழ்ச்சியால் விலை இறங்கியிருந்த தோட்டங்களைத் தேடி வாங்கினார். தம்பேதன்னை, லெமஸ்தொட்ட, மொனரகந்த ஆகியவை அவற்றுள் அடங்கும். இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேரே வீட்டுக் கோப்பைக்குத் தேயிலையைக் கொண்டு சேர்ப்பதே தம் வணிகம் என்று அவர் உலகெங்கும் விளம்பரம் செய்தார். அதுவரை தேயிலை, கடைக்காரன் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த பண்டம். லிப்டன் அதைச் சிறு பொட்டலங்களாக்கி, தம் பெயரையும் அச்சிட்டு விற்றார். தோட்டத்துக்கு மேலே, அவர் வந்தமர்ந்து சுற்றுப்புறம் நோக்கியதாகக் கூறப்படும் மலைமுகடு இன்றும் 'லிப்டன் இருக்கை' என்றே வழங்குகிறது. வானம் தெளிந்த காலைப்பொழுதில் அங்கிருந்து தென்சமவெளி நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியும்.

அவர் 1890இல் தம்பேதன்னையில் எழுப்பிய ஆலை இன்றும் இயங்குகிறது. நீண்டு உயர்ந்த அந்தப் பல மாடிக் கட்டடத்தில் வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சன்னல்கள். தூரத்திலிருந்து நோக்கினால் மலைச்சரிவில் தரைதட்டி நின்ற வெள்ளைக் கப்பல்போல் தோன்றும். அலங்காரம் ஏதும் இல்லை. ஆயினும் உற்று நோக்கினால், தோட்டத்துக் கட்டடங்களுள் அறிவோடு கட்டப்பட்டது ஆலையே என்று சொல்லத் தோன்றும். பங்களா நினைவை வைத்துக் கட்டப்பட்டது. லயம் சிக்கனத்தை வைத்துக் கட்டப்பட்டது. ஆலையோ கொழுந்தின் இயல்பை வைத்துக் கட்டப்பட்டது.

பறித்து வந்த கொழுந்தில் முக்கால் பங்கு நீர். அதை முதலில் வாட்ட வேண்டும். அதற்காகவே மேல்மாடிகள் அமைந்தன. சணற்சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி, சன்னல்களைத் திறந்தும் மூடியும் காற்றை ஆண்டனர். வெளியே காற்று வறண்டிருந்தால் சன்னல் திறக்கும். மழையானால் சன்னலை அடைத்து, கீழே அடுப்பிலிருந்து எழும் வெப்பக்காற்றை மேலே இழுத்துவிடுவர். வாடுதலுக்கு ஏறக்குறைய 12 முதல் 18 மணிநேரம் ஆகும். இன்று பல ஆலைகளில் தட்டுக்குப் பதிலாக மின்விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் உள்ளன. வாடிய இலை தரையிலுள்ள துளை வழியே கீழ்மாடிக்குத் தானே விழும். அங்கே உருட்டு இயந்திரங்கள் அதை நசுக்கி முறுக்கும். சாறு வெளிப்பட்ட இலை, ஈரக்குளிர்ச்சி பொருந்திய அறையில் பரப்பப்பட்டுக் காற்றோடு கலந்து செம்பு நிறமாகும். பின் உலர்த்தும் இயந்திரத்துள் சென்று கறுத்து வெளிவரும். இறுதியில் சலித்துத் தரம் பிரிப்பர். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறக்குறைய 20 முதல் 22 கிலோ தேயிலையே கிடைக்கும். எடை மிக்க பச்சிலையை உச்சியில் ஏற்றிவிட்டால், பிறகு பூமியின் ஈர்ப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கட்டடமே ஓர் இயந்திரம்.

ஆலையின் தொடக்கக்கால இயந்திரங்களைப் பல தோட்டங்களில் ஓடைநீரால் சுழலும் பெருஞ்சக்கரமே இயக்கிற்று. சக்கரத்தைத் தொழிலாளர் 'ரோதை' என்றனர். போர்த்துக்கேயச் சொல்லொன்று தமிழ் வாயில் புகுந்து பெற்ற வடிவம் அது. கையைப் பறிக்கவும் உயிரைக் குடிக்கவும் வல்ல அச்சக்கரத்தின்மேல் அச்சமும் பத்தியும் சேர்ந்து பிறந்தன. 'ரோதைமுனி' என்னும் புதுத் தெய்வம் அவ்வாறு தோன்றியதே. தமிழ்நாட்டு எந்தத் தலபுராணத்திலும் காணப்படாத இந்த முனிக்கு மலைநாட்டு ஆலைகளில் பூசை நடப்பதுண்டு. தேயிலைச்செடியை வெட்டிச் சீர்செய்யும் கவ்வாத்து வேலைக்கும் ஒரு சாமி உண்டு. கல்லையும் சூலத்தையும் நட்டு, தகரக் கொட்டகை போட்டு, நாளடைவில் மதில் எழுப்பி வளர்த்த மாரியம்மன் கோயில்களும் ஒவ்வொரு பிரிவிலும் உள்ளன. தோட்டத்தில் தொழிலாளர் தம் விருப்பப்படி கட்டிக்கொண்ட ஒரே கட்டடம் கோயிலே. ஆகவே கட்டடக்கலை பேசுவோர் அதனைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது முறையன்று.

இனி ஊவாத் தேயிலைக்கு உரிய சிறப்பு. போர்தோ மதுவுக்கு அவ்வவ்வாண்டின் வெயிலும் மழையும் சுவை தருவதுபோல், இங்கே காற்று சுவை தருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டு விரைந்து வீசுகிறது. மக்கள் அதைக் கச்சான் காற்று என்பர். சூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்றில் செடி நீர்ப்பஞ்சத்தால் வருந்தும். கொழுந்து மெதுவாக வளரும். அந்த வருத்தத்தில் இலைக்குள் மணப்பொருள்கள் திரளும். மெதில் சாலிசிலேட் என்னும் பொருள் அவற்றுள் ஒன்று. வலிக்குத் தடவும் தைலத்தில் உள்ள மணமும் அதுவே. கோப்பையில் குளிர்ச்சியான, மூக்கில் ஏறும் அந்த மணத்துக்காகச் சப்பானியரும் ஐரோப்பியரும் ஊவாத் தேயிலையை உயர்ந்த விலைக்கு வாங்குவர். 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தில், அந்தச் சில வாரத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு. ஆனால் கச்சான் வீசும் காலத்தில் கொழுந்து குறையும், எடை கூடாது, எடுக்கும் கிலோவுக்கேற்ப நாட்கூலி எண்ணப்படும் பெண்ணுக்கு உலகப் புகழ்பெற்ற அந்தப் பருவம் கைக்காசு குறையும் பருவமே.

பங்களாவுக்கு வருவோம். தொடக்கத்தில் தோட்டத்துரைகள் மண்சுவரும் புற்கூரையுமான குடிசைகளிலேயே வாழ்ந்தனர். தேயிலை செழித்த பின்னரே அகன்ற பங்களாக்கள் எழுந்தன. 'பங்களா' என்பது வங்கநாட்டுக் குடிசையைக் குறித்த சொல். சமவெளியில் சுற்றிலும் விறாந்தை வைத்து வெயிலைத் தடுத்த அந்த அமைப்பு, மலையின் குளிரில் சற்றே மாறிற்று. விறாந்தைக்குக் கண்ணாடி போடப்பட்டது. அறைதோறும் கணப்பு அடுப்பு புகுந்தது. கூரைமேல் புகைக்கூண்டுகள் முளைத்தன. சமையற்கட்டு பின்னே ஒதுக்கப்பட்டது. வீட்டைச் சுற்றிப் புற்றரையும் உரோசாப் பாத்தியும். இடம் தெரிந்ததில்தான் இவ்வீடுகளின் உண்மையான திறமை உள்ளது. பெரும்பாலும் உறுதியான பாறைமேட்டில், நீர் வடிந்தோடும் இடத்தில், ஆலையும் மலைப்பாதையும் கண்ணில் படும்படி அவை நின்றன. துரை தம் புற்றரையில் நின்றவாறே பெரட்டுக்களத்தில் ஆட்கள் திரள்வதைப் பார்க்கலாம்.

இவ்வகைக் கட்டடங்களுள் உச்சம் ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள அடிஷாம் மாளிகை. அதைக் கட்டியவர் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள்வழிப் பேரன். பட்டமும் குடிப்பெருமையும் இருந்தும் பணம் இல்லாத அவர், 1887இல் பதினெட்டு வயதில் இலங்கைக்கு வந்து, நோர்வூட் பக்கத்து எல்பெத்தைத் தோட்டத்தில் வேலை பயிலும் சின்னத்துரையாகச் சேர்ந்தார். பின்னர்க் கொழும்பு வணிக நிறுவனங்களுள் பழமை வாய்ந்த ஜோர்ஜ் ஸ்டூவர்ட்டின் தலைவராக உயர்ந்தார். சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தார். அவருடைய தந்தை இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில் அடிஷாம் என்னும் சிற்றூரில் மதகுருவாக இருந்தவர். மகன் தன் முதுமைக்கு மலையுச்சியில் ஒரு வீடு கட்டியபோது, இளமையில் வாழ்ந்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1931இல் எழுந்த அம்மாளிகைக்குத் திட்டம் வரைந்தவர்கள் பூத், வெப்ஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர். கென்றிலுள்ள லீட்ஸ் கோட்டையை மனத்தில் வைத்து, தியூடர் மன்னர் காலத்துப் பாணியில் அமைக்கப்பட்டது. சுவரெல்லாம் கரடுமுரடான கருங்கல். சன்னல்கள் ஒடுங்கி உயர்ந்தவை, கல்லால் பிரிக்கப்பட்டவை. தளத்திற்கும் கதவுக்கும் சுவர்ப்பலகைக்கும் பர்மாத் தேக்கு. உள்ளே நூலகமும், பழைய தளபாடங்களும் பெரும்பாலும் அப்படியே பேணப்படுகின்றன. அதன் ஒருபுறம் தங்கமலைக் காடு, மறுபுறம் பள்ளத்தாக்கு. தீவின் வெப்பத்தை அறியாத ஓர் ஆங்கிலக் குளிர்கால வீட்டை, பறவைகள் தமிழும் சிங்களமும் கேட்டு வளரும் ஒரு காட்டோரத்தில் கொண்டுவந்து வைத்ததுபோல் உள்ளது. அழகில்லை என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் அந்த அழகு மண்ணிலிருந்து எழுந்ததன்று, ஏக்கத்திலிருந்து எழுந்தது. கருங்கல்லை உடைத்துச் சமன்செய்து ஏற்றிய கைகளைப் பற்றி மாளிகையின் வரலாறு கூறுவோர் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

வில்லியர்ஸ் இலங்கையை விட்டுச் சென்றபின், மாளிகை சில காலம் ஒரு கொழும்புக் குடும்பத்தின் ஆலை நிறுவனத்திடம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் அதனைப் பெற்று மடமாக்கினர். இங்கே பிரான்சின் வரலாறு தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. பர்கண்டியில் குளோ த வூஜோ என்னும் புகழ்பெற்ற கொடித்தோட்டத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து வளர்த்தவர்கள் சித்தோ மடத்துத் துறவிகள். பிரெஞ்சுப் புரட்சி அதனைப் பறித்து இல்லறத்தாருக்கு விற்றது. ஹப்புத்தளையிலோ இல்லறத்தான் கட்டிய மாளிகை துறவிகளிடம் சென்றது. அவர்கள் மது வடிக்கவில்லை. தம் பழத்தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் விளையும் கொய்யா, தோடை, ஸ்ட்ரோபெரி முதலியவற்றால் பழப்பாகும் சாறும் செய்து விற்கின்றனர். வாரவிறுதியில் பார்க்க வருவோர் பலர் கட்டடத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, பழப்பாகுக் குப்பிக்கே நீண்ட நேரம் வரிசையில் நிற்கின்றனர்.

லயம் வேறு உலகம். ஒரே கூரையின்கீழ்ப் பத்தோ பன்னிரண்டோ காம்பராக்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அதிலேயே சமையலும் விறகும் படுக்கையும். ஒற்றை லயத்தில் பின்சுவர் வெளியைப் பார்க்கும். இரட்டை லயத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இருவரிசை. பின்சன்னல் என்பதே இல்லை. புகை வெளியேற வழியில்லாமல் சுவர் கறுக்கும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். அதே இஸ்தோப்பில்தான் மணமக்கள் அமர்ந்தனர், பிள்ளை படித்தது, கிழவன் கண்மூடினான். 1912இல் வந்த நோய்த்தடுப்புச் சட்டம் முதல் அரசு லயங்களுக்குச் சில அளவுகளை வகுத்தது. கூரைத்தகரமும் சீமெந்துத் தளமும் பின்னர் வந்தன. ஆனால் அடிப்படை அமைப்பு மாறவில்லை. காலையில் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்குப் போவதற்கும், மாலையில் திரும்புவதற்கும் இடையே உறங்குவதற்கு ஓரிடம் என்பதற்கு மேல் லயத்தைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லை.

லயத்துக் காம்பரா தொழிலோடு ஒட்டியது; வேலை போனால் வீடும் போகும். இந்நிலையில் நாட்டுரிமையும் போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருள் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் நீங்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவேண்டும் என்றாயிற்று. மீதி 1,50,000 பேரின் கதி 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. ஹப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலும் வந்த இரயில்பாதை, தேயிலையை ஏற்றிப் போகவே மலையைக் குடைந்து போடப்பட்டது. அதே பாதையில் 1960களின் பிற்பகுதி முதல் 1984இல் கடல்வழி நின்றவரை மனிதர் ஏற்றப்பட்டனர். நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத உறவினர் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். போனவருள் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்தனர். எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி முற்றாகத் தீர்ந்தது 2003இலேதான்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. துரையின் நிறம் மாறிற்று. பங்களாக்களுள் சில சுற்றுலா விடுதிகளாயின. ஒருநாள் இரவு அங்கே தங்கிப் பழைய காலத்தை நுகர்வதற்குப் பயணிகள் கொடுக்கும் தொகை, கொழுந்தெடுப்பவள் ஒரு மாதத்தில் காணும் கூலியையும் விஞ்சுவதுண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், பெரகலயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையருகே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்தது. சில நிமிடங்களில் லயங்கள் சேற்றுக்கடியில் மறைந்தன. கோயிலும் மறைந்தது. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர்; திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. மண்ணின் ஆழத்தால் பல உடல்கள் மீட்கப்படவே இல்லை. அங்கே நிலம் நகரக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையை அறிந்தவர்களும் இருந்தனர். ஆயினும் போவதற்கு வேறு நிலம் அவர்களிடம் இல்லை. காம்பராவை விட்டால் வேலையை விட்டதாகும் என்னும் அச்சமும் இருந்தது.

ஏன் லயம் சரிந்தது என்பதற்கு விடை, பங்களா ஏன் சரியவில்லை என்பதிலேயே ஓரளவு கிடைக்கிறது. மலைச்சரிவின் மடிப்புகளில் காலங்காலமாக மேலிருந்து உதிர்ந்த மண்ணும் கற்பாறையும் தங்கிக் குவியும். அம்மடிப்பு சாய்வு குறைந்தது, ஓடை அருகிலிருக்கும், தேயிலைக்குச் சிறந்த மேட்டு நிலத்தை வீணாக்காமல் லயம் கட்டுவதற்கு மலிவான இடம். ஆனால் அக்குவியல் பாறையோடு பிணைந்ததன்று. தொடர்மழையில் நீர் உள்ளே புகுந்ததும், மண்ணின் எடை கூடி, பிடிப்புத் தளர்ந்து, அனைத்தும் ஒருசேர வழுக்கும். மேலே காடு இருந்தவரை வேர்கள் மண்ணைப் பிடித்தன. காடு வெட்டித் தேயிலை நட்டபோது, மழைநீரை வழிநடத்தத் தோட்டந்தோறும் கான்கள் வெட்டினர். சரிவில் கல்லுக்கட்டு கட்டினர். பழைய துரைகள் கான் துப்புரவில் கண்டிப்பானவர்கள் என்பதை மூத்த தொழிலாளரும் ஒப்புக்கொள்வர். ஆள்குறைப்பு வந்தபின் பல தோட்டங்களில் கான்கள் தூர்ந்தன.

மீரியபெத்தைக் குடும்பங்களுக்குப் பின்னர் மாக்கல்தெனியவில் தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மலைநாடெங்கும் இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச்சஸ் நிலம். அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையற்கட்டு, கழிவறை. நான்கு பக்கமும் சன்னல். தேவையோடு ஒப்பிட இத்தொகை சிறிது; லயத்திலேயே வாழும் குடும்பங்கள் இன்னும் மிகப் பல. வீடு கிடைத்தும் நில உறுதி கைக்கு வராமல் காத்திருப்போரும் உண்டு.

புதுவீடு பெற்றவர்கள் முதலில் செய்வது எது என்று பார்த்தால், திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதே. வாசலில் தகரம் இறக்கி ஓர் இஸ்தோப்பு. பின்னே விறகடுப்புக்கு ஒரு சாய்ப்பு. வேலியோரம் நாலு கொய்யா, ஒரு முருங்கை, அவரைக்கு ஒரு பந்தல். சிலர் முன்சுவருக்குத் தாமே நிறம் தெரிந்து, மஞ்சளும் நீலமுமாகப் பூசுகின்றனர். பெரகலச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பாதையில் போகும் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தால், ஒரே வெள்ளையாக ஓடும் லய வரிசைகளுக்கு இடையே அந்த நிறங்கள் தெரியும்.